எரிதல் சமன்பாட்டைத் தடவித் தடவிச் சமன் செய்ய வேண்டாம்: கேஸ் அடுப்பு முதல் சூடம் வரை ஒரே வழி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வேதியியல் நோட்டில் எரிதல் வினை வந்த பக்கத்தை மட்டும் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம், தாள் கிழியும் அளவுக்கு அழித்திருப்பார்கள். முன்னால் 2 போட்டுப் பார்ப்பது, சரிவரவில்லை என்று 3 போடுவது, ஆக்சிஜனை மாற்றியதும் ஹைட்ரஜன் கெட்டுவிட, அதைச் சரிசெய்யப் போய் மறுபடி ஆக்சிஜன் கெட்டுப்போவது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஏனென்றால் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் "போட்டுப் பாரு, வரும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மீத்தேனுக்கு வரும், பொய்யில்லை. கற்பூரத்துக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

இத்தனைக்கும் ஊகமே வேண்டாத வினை இது. எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும், மிச்சம் கூட்டலும் வகுத்தலும்தான்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சமன்பாடுகளைக் குறியீடாக எழுதாமல் பெயராகவே எழுதப் போகிறேன். குறியீட்டைப் பார்த்ததும் கை தானாக அந்தக் கீழே ஒட்டியிருக்கும் சின்ன எண்ணில் போய் விளையாட ஆரம்பித்துவிடுகிறது. பெயரில் அந்த வம்பு இல்லை. நோட்டில் எழுதும்போது நீங்கள் குறியீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சமன்பாட்டில் "ஆக்சிஜன்" என்று வந்தால் அது ஆக்சிஜன் மூலக்கூறு, அதாவது இரண்டு அணு சேர்ந்தது. "நீர்" என்றால் 2 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். கார்பன் டை ஆக்சைடு என்றால் 1 கார்பன், 2 ஆக்சிஜன். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வலது பக்கம் ஏற்கெனவே தெரியும்

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள எந்தப் பொருளும் போதுமான ஆக்சிஜனில் முழுமையாக எரிந்தால் கிடைப்பது கார்பன் டை ஆக்சைடும் நீரும். எரிபொருளுக்குள்ளேயே கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தாலும் (சர்க்கரை, சாராயம், கற்பூரம்) விளைபொருள் அதே இரண்டுதான். ஆகவே கேள்வித்தாளில் "பியூட்டேன் காற்றில் எரிகிறது, சமன்பாடு எழுதுக" என்று மட்டும் இருந்தால் திகைக்க வேண்டாம். இடது பக்கம் பியூட்டேனும் ஆக்சிஜனும், வலது பக்கம் கார்பன் டை ஆக்சைடும் நீரும். பாதி வேலை முடிந்தது.

மாற்றக்கூடியது முன்னால் போடும் எண் மட்டுமே. புத்தகத்தில் இதைக் கெழு என்பார்கள். எத்தனை மூலக்கூறு என்பது நம் கையில் இருக்கிறது, ஒரு மூலக்கூறுக்குள் எத்தனை அணு என்பது நம் கையில் இல்லை. வலது பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறதே என்று நீருக்குள் ஒன்றைச் சேர்த்தால் அது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒன்று கூடிவிட்டதே என்று கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது கார்பன் மோனாக்சைடு, மூடிய அறையில் ஆளைக் கொல்லும் வாயு. கணக்கு சரியாகிவிடும், பொருள்தான் மாறிப்போயிருக்கும்.

புரோப்பேனை வைத்து முழு வழியையும் பார்ப்போம்

புரோப்பேனில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன். நம் வீட்டு சிலிண்டரில் இருக்கும் கலவையில் இதுவும் ஒன்று, மற்றது பியூட்டேன். சமன் செய்யாத சமன்பாடு:

புரோப்பேன் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர்

முதலில் கார்பன். இடது பக்கம் 3 இருக்கிறது. வலது பக்கத்தில் கார்பன் போய்ச் சேரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொன்றிலும் ஒரு கார்பன், ஆகவே 3 கார்பன் டை ஆக்சைடு.

அடுத்து ஹைட்ரஜன். இடது பக்கம் 8. அது போகக்கூடிய ஒரே இடம் நீர். ஒவ்வொரு நீரிலும் 2 ஹைட்ரஜன், ஆகவே 4 நீர். இங்கேதான் பலர் 8 நீர் என்று போட்டுவிடுவார்கள், பாதியாக்க மறந்து.

இதுவரை ஆக்சிஜனைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? இப்போதுதான் அதன் முறை. வலது பக்கம் எத்தனை ஆக்சிஜன் அணு இருக்கிறது என்று எண்ணுங்கள்: 3 கார்பன் டை ஆக்சைடில் 6, 4 நீரில் 4, மொத்தம் 10. இடது பக்கம் ஆக்சிஜன் இரண்டிரண்டாகத்தான் வரும், ஆகவே 10-ஐ 2 ஆல் வகுத்தால் 5.

1 புரோப்பேன் + 5 ஆக்சிஜன் → 3 கார்பன் டை ஆக்சைடு + 4 நீர்

முடிந்தது. ஓர் எண்ணைக்கூட அழிக்கவில்லை.

ஏன் இந்த வரிசை?

இதைப் புரிந்துகொண்டால் மேலே சொன்னதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கார்பன் வலது பக்கம் ஒரே பொருளில் இருக்கிறது. ஹைட்ரஜனும் ஒரே பொருளில் இருக்கிறது. ஆக்சிஜன் மட்டும் இரண்டிலும் இருக்கிறது. நீங்கள் ஆக்சிஜனில் தொடங்கினால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடுக்குப் போகிறது, எவ்வளவு நீருக்குப் போகிறது என்று தெரியாமலே ஓர் எண்ணைப் போடுகிறீர்கள், அது ஊகம்தான்.

இன்னொரு காரணம், அதைவிட முக்கியமானது. இடது பக்கத்தில் ஆக்சிஜன் தனியாக நிற்கிறது, வேறு எந்தத் தனிமத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வரவில்லை. அதன் முன்னால் உள்ள எண்ணை 5 ஆக்கினாலும் 500 ஆக்கினாலும் கார்பன் கணக்கோ ஹைட்ரஜன் கணக்கோ அசையாது. ஆனால் நீரின் எண்ணை மாற்றினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தே மாறும். எதை மாற்றினால் மற்றது எதுவும் கெடாதோ அதைத்தான் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் தலைகளை எண்ணி முடித்த பிறகு இலை வாங்கப் போவது மாதிரி. இலையை முதலில் வாங்கிவிட்டு ஆளைத் தேடக் கூடாது.

பாதி வந்தால் பயப்பட வேண்டாம்

இப்போது பியூட்டேன்: 4 கார்பன், 10 ஹைட்ரஜன். அதே வரிசையில் போனால் 4 கார்பன் டை ஆக்சைடு, 5 நீர். வலது பக்கம் ஆக்சிஜன் அணு 8 + 5 = 13. இரண்டால் வகுத்தால் ஆறரை.

பிள்ளைகள் பதறுவது இந்த இடத்தில்தான். எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தப்பே இல்லை. ஆறரையை அப்படியே எழுதுங்கள்:

1 பியூட்டேன் + 6½ ஆக்சிஜன் → 4 கார்பன் டை ஆக்சைடு + 5 நீர்

இது சமன் ஆகிவிட்ட சமன்பாடுதான். அரை மூலக்கூறு என்று ஒன்று கிடையாது என்பதால் முழு எண்ணாக்க எல்லாவற்றையும் 2 ஆல் பெருக்குகிறோம், அவ்வளவே. எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்; ஆக்சிஜனை மட்டும் 13 ஆக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

தேர்வில் முழு எண்ணில் எழுதுங்கள். ஆனால் 1 மோல் (மூலக்கூறுகளை மொத்தமாக எண்ணும் அளவு) எரிபொருளுக்கு எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போடும்போது மேல் வகுப்பில் பாதியோடுதான் எழுதுவார்கள், ஏனென்றால் அங்கே எரிபொருள் 1 ஆக இருக்க வேண்டும்.

இந்த எண்கள் வெறும் தேர்வுச் சமாச்சாரம் இல்லை. 14.2 கிலோ சிலிண்டரில் முழுக்க பியூட்டேனே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோல் பியூட்டேன் 58 கிராம், அதற்கு வேண்டிய ஆறரை மோல் ஆக்சிஜன் 208 கிராம். கிடைப்பது 176 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 90 கிராம் நீர். இரண்டு பக்கமும் 266. இதே விகிதத்தில் சிலிண்டர் காலியாகும்போது காற்றிலிருந்து ஏறக்குறைய 51 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, 43 கிலோ கார்பன் டை ஆக்சைடையும் 22 கிலோ நீராவியையும் சமையலறைக்குள் விட்டிருக்கும். 14 கிலோ கேஸிலிருந்து 22 கிலோ தண்ணீரா என்று கேட்டால், ஆமாம், அந்த எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தால் கண்ணாடியில் வேர்ப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

எடையை இப்படி இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கும் பழக்கம் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயிடமிருந்து வந்தது. எரியும்போது பொருளிலிருந்து ஏதோ வெளியேறிப் போகிறது என்று ஐரோப்பாவில் நம்பிக்கொண்டிருந்த 18-ஆம் நூற்றாண்டில், மூடிய பாத்திரத்தில் எரித்து, முன்னும் பின்னும் நிறுத்து, ஆக்சிஜன் உள்ளே சேர்கிறது என்று காட்டினார். நாம் அணுவை எண்ணுவது அவர் எடை போட்டதன் இன்னொரு வடிவம்தான்.

எரிபொருளுக்குள்ளேயே ஆக்சிஜன் இருந்தால்

வரிசை மாறாது. ஆக்சிஜனைக் கணக்கிடும்போது மட்டும் ஒரு கழித்தல் கூடுகிறது. வலது பக்கம் வேண்டிய மொத்த ஆக்சிஜனை எண்ணி, எரிபொருள் தானே கொண்டுவந்ததைக் கழித்து, மிச்சத்தை 2 ஆல் வகுக்க வேண்டும்.

எத்தனாலில் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். வலது பக்கம் 2 கார்பன் டை ஆக்சைடு, 3 நீர், ஆக்சிஜன் அணு 4 + 3 = 7. எத்தனால் ஒன்றைக் கொண்டுவருகிறது, மிச்சம் 6, ஆகவே 3 ஆக்சிஜன்.

1 எத்தனால் + 3 ஆக்சிஜன் → 2 கார்பன் டை ஆக்சைடு + 3 நீர்

கழிக்க மறந்தால் மூன்றரை வரும், உடனே எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி 7 என்று எழுதி, அழகாகத் தப்பான விடை கிடைக்கும். பார்ப்பதற்குச் சரியாகத் தெரிவதுதான் இதில் ஆபத்து.

இப்போது கற்பூரம். சூடத்தில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். (கடையில் கிடைக்கும் சூடம் பெரும்பாலும் மரத்திலிருந்து நேராக வருவதில்லை, டர்பென்டைனிலிருந்து ஆலையில் தயாராவது. மூலக்கூறு அதேதான்.) 10 கார்பன் டை ஆக்சைடு, 8 நீர். வேண்டிய ஆக்சிஜன் 20 + 8 = 28. சொந்தமாக உள்ளது 1, மிச்சம் 27, பாதி பதின்மூன்றரை. இரட்டிப்பாக்கினால்:

2 கற்பூரம் + 27 ஆக்சிஜன் → 20 கார்பன் டை ஆக்சைடு + 16 நீர்

சரிபார்ப்போம். கார்பன் இரு பக்கமும் 20. ஹைட்ரஜன் 32, 32. ஆக்சிஜன் இடது பக்கம் 2 + 54 = 56, வலது பக்கம் 40 + 16 = 56. தடவித் தடவி 27-ஐக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சூடம் எரிந்தால் தட்டில் எதுவும் மிஞ்சாது என்பார்கள். சமன்பாடும் அதைத்தான் சொல்கிறது, வலது பக்கம் இருப்பவை எல்லாம் அந்தச் சூட்டில் வாயுக்கள். ஆனால் தட்டுக்கு மேலே கையைக் காட்டியவர்களுக்குத் தெரியும், கரி படியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

குளுக்கோஸையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்: 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். வேண்டியது 12 + 6 = 18, சொந்தம் 6, மிச்சம் 12, ஆகவே 6 ஆக்சிஜன், 6 கார்பன் டை ஆக்சைடு, 6 நீர். உயிரியல் பாடத்தில் சுவாசத்துக்கு எழுதும் மொத்தச் சமன்பாடு இதுவேதான். உடம்புக்குள் தீ எரிவதில்லை, பல படிகளாக மெதுவாக நடக்கிறது, ஆனால் வரவும் செலவும் ஒன்றே.

இரட்டிப்பு வருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள

எரிபொருளின் ஹைட்ரஜனைப் பாதியாக்குங்கள். அதிலிருந்து எரிபொருளின் சொந்த ஆக்சிஜனைக் கழியுங்கள். வருவது இரட்டைப்படை எண் என்றால் (பூஜ்யமும் இரட்டைப்படைதான்) எரிபொருள் 1 போதும். ஒற்றைப்படை என்றால் 2 வரும். புரோப்பேன்: 4, இரட்டை. பியூட்டேன்: 5, ஒற்றை. எத்தனால்: 3 − 1 = 2, இரட்டை. மெத்தனாலில் 4 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன்: 2 − 1 = 1, ஒற்றை, அதனால் 2 மெத்தனாலுக்கு 3 ஆக்சிஜன். கார்பனைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனைக் கேட்கிறது, அது எப்போதும் இரட்டைப்படை.

சூத்திரம் வேண்டும் என்பவர்களுக்கு: ஓர் எரிபொருள் மூலக்கூறுக்கு வேண்டிய ஆக்சிஜன் மூலக்கூறு = கார்பன் + ஹைட்ரஜனில் கால்பங்கு − சொந்த ஆக்சிஜனில் பாதி. எனக்கு இதை மனப்பாடம் செய்வதில் விருப்பமில்லை, வரிசையாகப் போனாலே பத்து வினாடியில் வருகிறது. ஆனால் விடையைச் சரிபார்க்க நல்ல கருவி.

ஆக்சிஜன் பற்றாக்குறையாக இருந்தால்

சூடத்தின் கரிக்கு வருவோம். அடுப்புச் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால், பர்னருக்குள் போதிய காற்று கலக்கவில்லை என்று அர்த்தம். காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம்தான் ஆக்சிஜன். ஒரு லிட்டர் பியூட்டேன் வாயுவுக்கு ஆறரை லிட்டர் ஆக்சிஜன் என்றால் சுமார் 31 லிட்டர் காற்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைக்காமல் ஒன்றோடு நின்று கார்பன் மோனாக்சைடாகலாம், ஒன்றுகூடக் கிடைக்காமல் வெறும் கரியாகலாம்.

சமன் செய்யும் வரிசை அப்போதும் அதேதான். புரோப்பேன் கார்பன் மோனாக்சைடாக எரிந்தால்: 3 கார்பன் மோனாக்சைடு, 4 நீர், ஆக்சிஜன் அணு 7, மூன்றரை, இரட்டிப்பு.

2 புரோப்பேன் + 7 ஆக்சிஜன் → 6 கார்பன் மோனாக்சைடு + 8 நீர்

வெறும் கரியானால் 3 கார்பன், 4 நீர், ஆக்சிஜன் 2 போதும்.

1 புரோப்பேன் + 2 ஆக்சிஜன் → 3 கார்பன் + 4 நீர்

5, மூன்றரை, 2 என்று ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். கண்மைக்கு விளக்குச் சுடரின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடிப்பது, வேண்டுமென்றே இந்தக் கடைசிச் சமன்பாட்டின் பக்கம் தள்ளுவதுதான்.

ஒரு பொறி இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் மோனாக்சைடும் இரண்டுமே வலது பக்கம் வருகிறது என்று கேள்வி இருந்தால், அணு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரே விடைக்கு வர முடியாது. மீத்தேனை (1 கார்பன், 4 ஹைட்ரஜன்) வைத்துப் பாருங்கள்:

4 மீத்தேன் + 7 ஆக்சிஜன் → 2 கார்பன் மோனாக்சைடு + 2 கார்பன் டை ஆக்சைடு + 8 நீர்

3 மீத்தேன் + 5 ஆக்சிஜன் → 2 கார்பன் மோனாக்சைடு + 1 கார்பன் டை ஆக்சைடு + 6 நீர்

எண்ணிப் பாருங்கள், இரண்டும் சரி. ஒன்றை மற்றதன் மடங்காக எழுதவும் முடியாது. கார்பன் இப்போது போக இரண்டு இடம் இருக்கிறது, எந்த இடத்துக்கு எவ்வளவு என்று யாராவது சொன்னால்தான் கணக்கு நிற்கும். அந்த விகிதத்தைச் சொல்லாமல் "சமன் செய்க" என்று மட்டும் கேட்டால் கேள்விதான் அரைகுறை, நீங்கள் இல்லை.

கார்பன் இல்லாத எரிதல்

இவை எளிது, ஓட்டமாகப் பார்த்துவிடலாம். ஹைட்ரஜன் எரிந்தால் நீர் மட்டும்: 2 ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு (இதுவும் இரண்டு அணு சேர்ந்தது) 1 ஆக்சிஜன், கிடைப்பது 2 நீர். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கும் கிரையோஜெனிக் எஞ்சினுக்குள் எரிவதும் இந்த ஜோடிதான். மக்னீசியம் நாடா 2, ஆக்சிஜன் 1, மக்னீசியம் ஆக்சைடு 2. அலுமினியம் ஆக்சைடில் 2 அலுமினியம், 3 ஆக்சிஜன், காற்றில் வருவதோ இரண்டிரண்டாக; 2-க்கும் 3-க்கும் மீச்சிறு பொது மடங்கு 6, ஆகவே 4 அலுமினியம், 3 ஆக்சிஜன், 2 அலுமினியம் ஆக்சைடு. ஹைட்ரஜன் சல்பைடு (2 ஹைட்ரஜன், 1 கந்தகம்) எரிந்தால் கந்தகத்துக்கு ஒரு இடம் (சல்பர் டை ஆக்சைடு), ஹைட்ரஜனுக்கு ஒரு இடம் (நீர்), ஆக்சிஜன் கடைசி: 2 ஹைட்ரஜன் சல்பைடு, 3 ஆக்சிஜன், 2 சல்பர் டை ஆக்சைடு, 2 நீர்.

மத்தாப்பு, வெடி இவற்றை இதில் சேர்க்காதீர்கள். அங்கே ஆக்சிஜன் நைட்ரேட் உப்பு போன்றவற்றிலிருந்தும் வருகிறது, தனியாக நிற்கும் ஆக்சிஜன் என்ற நம் வசதி போய்விடுகிறது.

நீங்களே போட்டுப் பார்க்க

நோட்டை மூடிவிட்டு வெறும் தாளில் போடுங்கள், விடையைப் பிறகு பாருங்கள்.

கேஸ் வெல்டிங்கில் எரியும் அசிட்டிலீன், 2 கார்பன், 2 ஹைட்ரஜன். பெட்ரோலுக்குப் பதிலியாகப் புத்தகங்களில் வரும் ஆக்டேன், 8 கார்பன், 18 ஹைட்ரஜன். சீனி, அதாவது சுக்ரோஸ், 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன். மெழுகுவர்த்தியில் இருக்கும் நீண்ட சங்கிலிகளில் ஒன்று, 25 கார்பன், 52 ஹைட்ரஜன். கடைசியாக, எண்ணெய் விளக்கில் எரியும் கொழுப்புகளில் ஒன்றான ட்ரையோலீன்: 57 கார்பன், 104 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன்.

விடைகள், எரிபொருள், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நீர் என்ற வரிசையில். அசிட்டிலீன் 2, 5, 4, 2. ஆக்டேன் 2, 25, 16, 18. சீனி 1, 12, 12, 11. மெழுகு 1, 38, 25, 26. ட்ரையோலீன் 1, 80, 57, 52. கடைசியில் 83 வந்திருந்தால் அந்த 6 ஆக்சிஜனைக் கழிக்க மறந்துவிட்டீர்கள்.